அறுபதாம் எண் செட்

சென்னை விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு நின்ற ஆளை நான் முதலில் நம்பவில்லை. அட்டையில் பெயர் பிழையில்லாமல் இருந்தது. அதுதான் சந்தேகத்துக்குக் காரணம். குணசீலன் என்ற பெயரை மலேசியாவில் இத்தனை வருடத்தில் எந்த அலுவலகமும் முதல் தடவையிலேயே சரியாக எழுதியதில்லை.

"எந்தக் கம்பெனி அனுப்பினாங்க?" என்று கேட்டேன்.

"ஒரகடம் சார். வயர்லெஸ் செட்டு செய்றாங்கோ இல்ல, அந்தக் கம்பெனி."

"மேனேஜர் பேரு?"

"ரங்கராஜன் சார். எம் பேரு டில்லிபாபு. இன்னா சார், லைசென்ஸ் காட்டட்டுமா?"

கிண்டலாகத்தான் கேட்டார். நான் காட்டச் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். படத்தில் இருந்த மீசை நேரில் இல்லை. அதையும் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் ஒரு ராணுவ விமானத் தளத்தின் தீயணைப்பு நிலையத்தில் தகவல் தொடர்புக்குப் பொறுப்பாளன் நான். எந்தத் தளம் என்று சொல்லக் கூடாது, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். 2012-இல் அங்கே பெயிண்ட் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. மணியம் என்ற வீரர், என் நெருங்கிய நண்பர், உள்ளே மாட்டிக்கொண்டார். தகரக் கூரைக்குள் அவருடைய வாக்கி டாக்கி வேலை செய்யவில்லை. கைப்பேசியில் அழைத்துப் பார்த்தார். தளத்தில் இருந்த எல்லோரும் அந்த நேரத்தில் புகையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலில் அவருடைய அழைப்பு போகவில்லை. மணியத்தைச் சுவரை உடைத்து வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது, நுரையீரல் பாதி போய்விட்டது. இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை எண்ணிக் கொடுக்கிறார்.

அதற்குப் பிறகுதான் அவசரப் பணியாளர்களுக்கென்று தனியாக ஓர் அகன்ற அலைவரிசை வாங்குவது என்று தளத்தில் முடிவானது. பொதுமக்களின் போன் அதில் நுழைய முடியாது. குரல், நேரடிப் படம், கட்டிட வரைபடம் எல்லாம் அதில் போகும். அலைவரிசையில் கூட்டம் அதிகமானால் முக்கியமானவர்களின் செட்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கருவியே தள்ளிவைக்கும். மொத்தம் அறுபது செட். யாருக்கு எந்த எண் என்ற பட்டியலை நானேதான் தட்டச்சு செய்து அனுப்பினேன். ஒரகடத்தில் தயாராகிவிட்டது, வந்து சோதித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டால் அறுபதும் கப்பலேறும். அடுத்த தீயில் உள்ளே போகிறவன் அதை நம்பித்தான் போவான்.

வண்டி படப்பையைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி சாலைக்குக் குறுக்கே படுத்த மாதிரி நின்றது. டில்லிபாபு பட்டென்று ஒரு சந்துக்குள் திருப்பினார். எனக்குத் திக்கென்றது. "இது எங்க போகுது?" என்றேன். "சேரப்பணஞ்சேரி ஊருக்குள்ள பூந்து போயிடலாம் சார், பயந்துக்காத" என்றார். பயப்படாதே என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

ஊருக்குள் ஆடி ஞாயிறு. அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள், வண்டி மறுபடியும் நின்றது. ஓர் அம்மாள் கண்ணாடியைத் தட்டி இரண்டு சொம்பு நீட்டினாள். தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று கேட்க வாயெடுத்தேன். டில்லிபாபு அதற்குள் பாதியைக் குடித்திருந்தார். "ஆத்தா கூழு சார், வேணாம்னு சொல்லக் கூடாது" என்றார். கூடவே இலைத் துண்டில் கருவாட்டுக் குழம்பு. குடித்தேன். கம்பும் மோரும் வெங்காயமும் தொண்டையில் இறங்கியபோது விமானத்தில் கொடுத்த வேகாத ஆம்லெட்டின் கோபம் தணிந்தது. எங்கள் ஊரில் ஆற்றிக் கொடுக்கும் தே தாரேக் தேநீருக்கு அடுத்தபடி என்னைச் சமாதானப்படுத்திய பானம் இதுதான். இன்னொரு சொம்பு கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை. புதன்கிழமை வயிற்றைக் கெடுத்தது நெடுஞ்சாலை ஓட்டலின் நட்சத்திரச் சாப்பாடுதான்.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போனேன். வாசலில் பெரிய மர அலமாரி, புறாக்கூடு மாதிரி நூற்றுக்கணக்கில் அறைகள். ஷிப்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் கைப்பேசியை அங்கே கொடுத்து எண் பொறித்த டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். படம் எடுத்துவிடக் கூடாதாம். என் போனையும் கேட்டார்கள். கொடுக்க மனமில்லாமல் கொடுத்து, டோக்கன் எண்ணை என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். காவலாளி அதைப் பார்த்துச் சிரித்தார்.

மேனேஜர் ரங்கராஜன் நல்ல உயரம், நல்ல சட்டை. எதைக் கேட்டாலும் "நோ இஷ்யூஸ் சார்" என்றார். இப்படிச் சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. சோதனை மேசையில் ஐந்து செட்டை வைத்து ஓட்டிக் காட்டினார்கள். குரல் கண்ணாடி மாதிரி வந்தது. படம் தடங்கலே இல்லை. தண்ணீரில் போட்டு எடுத்தார்கள், கீழே போட்டு எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சரியாக இருந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம்.

இடித்தது அந்தப் பெண்ணின் முகத்தில். பெயர் இசக்கியம்மாள், சோதனைப் பிரிவு இன்ஜினியர், அம்பாசமுத்திரம் பக்கம், இருபத்தெட்டு வயது இருக்கும். மேசை வேலை முழுவதையும் செய்தது அவள்தான். இந்தப் பெயர் எனக்கு முன்பே தெரியும். வருடத் தொடக்கத்திலிருந்து மூன்று முறை பட்டியலைப் பற்றி ஏதோ விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியவள். காலம் கடத்துகிற தந்திரம் என்று நினைத்து மூன்று முறையும் ஒரே வரியில் பதில் போட்டேன். பட்டியலில் உள்ளபடி செய்யவும்.

"சார், அந்த நம்பர் வரிசையைப் பத்தி ஒன்னு கேக்கணும்" என்று அவள் ஆரம்பித்தாள்.

ரங்கராஜன் இடையில் புகுந்தார். "இசக்கி, அது கஸ்டமர் லிஸ்ட். நாம கேள்வி கேக்கக் கூடாது. சார், லஞ்ச் போலாமா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்கு அந்த நொடியில் உறுதியாகிவிட்டது.

கேன்டீனில் சாம்பார் சாதம், முட்டை, பீட்ரூட் பொரியல். பக்கத்து மேசையில் புனேயிலிருந்து வந்த இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இந்திப் படம் பார்த்து வளர்ந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் சொன்னார், "அந்த மலேசியாக்காரர் தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட மூன்று தடவை பார்க்கிறார்." மற்றவர் சொன்னார், "வீட்டில் பாவம் அவர் மனைவி." மூடியை நான் பார்த்தது இரண்டு தடவைதான்.

சாப்பிட்டு முடித்ததும் ரங்கராஜனிடம் சொன்னேன். ஐந்து செட்டை வைத்து ஓட்டிக்காட்டுவது கல்யாண வீட்டில் ஐந்து பேருக்குப் பரிமாறிவிட்டுப் பந்தி முடிந்தது என்பது மாதிரி. அறுபதும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், எல்லாம் படம் அனுப்ப வேண்டும், நான் பார்க்க வேண்டும். அவர் முகத்திலிருந்து முதல் முறையாக அந்த நோ இஷ்யூஸ் போனது. லைனிலிருந்து அறுபது பேரை எடுத்தால் உற்பத்தி நிற்கும் என்றார். அப்படியானால் கையெழுத்து இல்லை என்றேன். இசக்கியம்மாள் மெல்லச் சொன்னாள், "மதியம் ஷிப்டு மாறுத நேரத்துல வச்சுக்கிடலாம் சார். ரெண்டு ஷிப்டு ஆளுகளும் இருப்பாக."

செவ்வாய் மதியம் இரண்டரை மணி. தொழிற்சாலை முற்றத்தில் ஏறக்குறைய அறுபது பேர் நின்றார்கள். பாதிப் பேர் தெற்கத்திப் பெண்கள், விடுதியில் தங்கி வேலை செய்கிறவர்கள். காலையிலிருந்து கைப்பேசியைக் கண்ணால் பார்க்காதவர்கள் கையில் படம் பிடிக்கிற செட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒருத்தி இன்னொருத்தியின் பொட்டைப் படம் எடுத்தாள், இன்னொருத்தி மரத்து அணிலைத் துரத்தினாள். "ஏட்டி, என்னைய எடுக்காத, எண்ணெ வடியுது" என்று ஒரு குரல். ஆள் ஒன்று குறைந்ததால் டில்லிபாபுவையும் இழுத்துவந்தார்கள். அவர் கைக்கு முதல் எண் செட் போனது. வேப்பமர நிழலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதைப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

அறுபதாம் எண்ணை நான் எடுத்துக்கொண்டேன். என் பட்டியலில் அது தீயணைப்பு வீரருக்குரிய கடைசி செட். முற்றத்தின் மூலையில் மரப்பலகைகள் அடுக்கும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்ன பேசுவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். மணியம் அன்று யாருக்கும் கேட்காமல் பேசிய சொற்கள். மருத்துவமனையில் பிறகு அவரே எனக்குச் சொன்னது.

"மணியம் பேசுறேன். கதவு மாட்டிக்கிச்சு. இடது பக்க ஜன்னலுக்குக் கீழ இருக்கேன். மூச்சு முட்டுது. கேக்குதா?"

பதில் இல்லை. செட்டின் திரையில் ஒரே ஒரு சொல், காத்திருக்கவும். மறுபடியும் சொன்னேன். காத்திருக்கவும். தகரம் வெயிலில் கொதித்தது. பலகைகளின் பிசின் வாசனை மூக்கில் ஏறியது. ஐந்து நிமிடம் அங்கே நின்றேன். கதவைத் திறந்தால் வெளியே வந்துவிடலாம் என்று தெரிந்தும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. மணியத்துக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அன்று எல்லோரும் புகையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று எழுதினேன் அல்லவா, அந்த எல்லோரில் நானும் ஒருவன். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் என் மனைவிக்கு நான்கு படம் அனுப்பினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது கோபத்தில் நான் என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. ஏமாற்றுக்காரர்கள் என்ற சொல்லைச் சொன்னேன், அது நினைவிருக்கிறது. கட்டுப்பாட்டு மேசையில் பெரிய திரை இருந்தது. அதில் டில்லிபாபுவின் நாய், வாலில் உட்கார்ந்த ஈ தெரிகிற அளவுக்குத் துல்லியமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாய் தெரியுது. என் குரல் எங்கே?" என்று கத்தினேன்.

ரங்கராஜன் தரையைப் பார்த்தார். இசக்கியம்மாள் பார்க்கவில்லை. ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"பெட்டி சரியாத்தான் வேலை பாக்குது சார். நீங்க குடுத்த வரிசையிலதான் ஆளைத் தள்ளுது. ஒன்னாம் நம்பர் தளபதி. ரெண்டாம் நம்பர் துணைத் தளபதி. பதினேழாம் நம்பர் அதிகாரிகள் மெஸ் செயலாளர். தீயணைப்பு ஆளுக அம்பத்தஞ்சுல இருந்து அறுபது. அதனாலதான் மூணு தடவ எழுதிக் கேட்டேன், இது சரிதானான்னு. உள்ளபடி செய்யச் சொல்லிட்டீங்க."

காகிதத்தின் அடியில் என் கையெழுத்து.

ராணுவத் தளத்தில் எந்தப் பட்டியலும் பதவி வரிசையில்தான் வரும். தேநீர் விருந்தானாலும் தடுப்பூசியானாலும் தளபதி முதலில், கடைநிலை வீரன் கடைசியில். இருபது வருடமாக அப்படித்தான் தட்டச்சு செய்து கை பழகியிருந்தது. அவசரப் பணியாளர்களுக்கான தனி அலைவரிசை என்று தெரிந்ததுமே எல்லா அதிகாரிகளும் தங்களுக்கும் ஒரு செட் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் முந்தின வருட ஆண்டு விருந்தின் இருக்கைப் பட்டியலைத் திறந்து, தலைப்பை மட்டும் மாற்றி, கீழே தீயணைப்பு வீரர்களைச் சேர்த்து அனுப்பியிருந்தேன். பந்தியில் கடைசியாக உட்கார வேண்டியவன் எரிகிற கட்டிடத்துக்குள்ளும் கடைசிதான் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

வெட்கமாக இருந்தது. அதை விடப் பெரிய சொல் எனக்குத் தெரியவில்லை. ஏமாற்றுக்காரர்கள் என்று சொன்னதற்கு அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இசக்கியம்மாள், "அதெல்லாம் ஒன்னுமில்ல சார், இப்பமாவது தெரிஞ்சுதுல்லா. கப்பல் ஏறின பெறவுன்னா என்ன செய்ய?" என்றாள்.

அன்று சாயங்காலமே என் மேலதிகாரி கேப்டனை அழைத்தேன். வரிசையைத் தலைகீழாக்க வேண்டும், உள்ளே போகிறவனுக்கு ஒன்றாம் எண், தளபதிக்கு அறுபது என்றேன். அவர் மலாயில் மெதுவாகக் கேட்டார், "தளபதியிடம் போய் நீங்கள் கடைசி என்று யார் சொல்வது? நீயா, நானா?" கடிதம் சொல்லட்டும் என்றேன். கடைசியில், எழுதி அனுப்பு, மேலே வைக்கிறேன் என்றார். அவர் வைக்கமாட்டார் என்று நினைத்தேன்.

புதன் முழுக்கக் காத்திருந்தேன். வயிறு வேறு சரியில்லை. வியாழக்கிழமை பொழுது போகாமல் ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனேன். எங்கள் ஊரில் நான்கு பேருக்கு ஒரு டாக்ஸி, இங்கே ஓர் ஆட்டோவில் பதினொரு பேர், ஓட்டுநரின் மடியில் பாதி நான். கொரியாக்காரர்களுக்கென்று நடக்கும் உணவகத்தில் புளித்த முட்டைக்கோஸ் சாப்பிட்டேன். பரிமாறியவர் ஒடிசாக்காரர், சமைத்தவர் மதுரைக்காரர். நம்பும்படியாகத்தான் இருந்தது. அங்கே வண்டியோடு வந்து சேர்ந்த டில்லிபாபு என்னைச் செம்பரம்பாக்கம் ஏரியைக் காட்டக் கூட்டிப்போனார். தண்ணீர் எங்கேயோ தூரத்தில் தெரிந்தது, கரையோரம் மாடு மேய்ந்தது. "மெட்ராஸே இத்த நம்பித்தான் கீது சார்" என்றார். இந்தக் குட்டையையா என்று நான் நம்பவில்லை. மறுவருடம் அதே ஏரியைத் திறந்துவிட்டு மெட்ராஸ் வெள்ளத்தில் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

கரையில் உட்கார்ந்து மணியத்தை அழைத்தேன். பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். புகைப்படம் அனுப்பியதையும் சொன்னேன். போனில் அவருடைய மூச்சு கேட்டது, தீக்குப் பிறகு அது சத்தமாகக் கேட்கிற மூச்சு.

"நாலு படமா அனுப்பினே?" என்றார்.

"நாலு."

"நல்லா வந்துச்சா லா?"

அவர் இருமிவிட்டு, "சரி விடு குணா. அந்தப் பட்டியலை மாத்தாம நீ ஊருக்கு வராதே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. கேப்டன் உண்மையிலேயே மேலே வைத்திருந்தார். தளபதி கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார். நான் தீயணைப்பதில்லை, எனக்குக் கடைசி எண் போதும். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை. கேட்டால் கோபப்படுவார் என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம்.

அன்று மதியம் ஷிப்டு மாறும் நேரத்தில் மறுபடியும் அறுபது பேர். இந்த முறை நான் கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். டில்லிபாபுவுக்கு அறுபதாம் எண். அவர் அதே நாயைத் தேடிப் போனார். ஒன்றாம் எண்ணை எடுத்துக்கொண்டு இசக்கியம்மாள் கொட்டகைக்குள் போனாள். என்ன பேச வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பெண்கள் படம் எடுக்கத் தொடங்கினார்கள். திரையில் அணில், பொட்டு, மேகம், ரங்கராஜனின் வழுக்கை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிறைந்தன. பிறகு கடைசி எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக உறைந்தன. முற்றத்திலிருந்து டில்லிபாபுவின் குரல், "சார், நம்ம நாயி நின்னுகிச்சு சார்!"

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அது வந்தது. திருநெல்வேலிப் பேச்சில், பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி.

"மணியம் பேசுதேன். கதவு மாட்டிக்கிட்டு. இடது பக்க ஜன்னலுக்குக் கீழ இருக்கேன். மூச்சு முட்டுது. கேக்குதா?"

இரண்டு வருடம் கழித்து, கடல் தாண்டி, யாரோ ஒரு பெண்ணின் குரலில் நான் அதைக் கேட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டது. பதில் சொல்ல வேண்டியவன் நான். பொத்தானில் விரலை வைத்தபடி ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குதா சார்?" என்றாள் இசக்கியம்மாள் மறுபடியும்.

பொத்தானை அழுத்தி, "கேக்குது" என்றேன். "அங்கேயே இருங்க மணியம். வர்றோம்."